வெள்ளை இல்லாமல் ஒன்று

என் ஃபோனில் ஒரு மிஸ்டு கால் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டு நாற்பது. சிவப்பு எழுத்தில் ‘சின்னப்பொண்ணு’ என்று காட்டும். அவள் என் தங்கை. இரண்டு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தவள் அன்றைக்கு ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. அதற்குப் பதினோராம் நாள் விடியற்காலையில் பால் கறக்கப் போனவள், மாட்டின் காலடியிலேயே சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். நாற்பத்தொரு வயது.

ஃபோன் சத்தம் கேட்கவில்லை என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரும். ஆனால் கேட்டது. எரிந்துபோய்க் காயில் கட்டக் கொடுத்திருந்த போர்வெல் மோட்டாரை வாங்குவதற்காகக் கள்ளக்குறிச்சியில் அந்தக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மோட்டார் இல்லாமல் நாலு நாளாகக் கரும்பு காய்ந்த எரிச்சல் வேறு. சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்தேன். அவள் பெயர். ‘இப்பதான் அண்ணன் ஞாபகம் வந்துதா, இன்னொரு வாட்டி அடிக்கட்டும்’ என்று திரும்பப் பையில் போட்டேன். அவள் இன்னொரு வாட்டி அடிக்கவில்லை. என் தங்கை அல்லவா. எனக்கு இருக்கும் வீம்பில் பாதியாவது அவளுக்கு இருக்காதா.

எதற்குக் கூப்பிட்டாள்? சாவுச் சேதி வந்த நாளிலிருந்து எனக்கு இதே கேள்விதான். கொஞ்ச நாளாகவே தலையை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போ அண்ணா என்று கேட்கத்தான் கூப்பிட்டாளா? நான் எடுத்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பாளா? இதை யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாது. கேட்டால் ஃபோனை எடுக்காத கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் அந்தச் சிவப்பு எழுத்தைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் பேசாமல் போன காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அவள் மகள் இலக்கியா வயசுக்கு வந்தபோது மூங்கில்துறைப்பட்டில் மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். தாய்மாமன் என்று நான் ஒருத்தன்தான். எங்கள் ஊர் நைனார்பாளையத்திலிருந்து ஒரு டிராக்டர் நிறையச் சீர்வரிசைத் தட்டுகள், மேளம், வெடி என்று ஊரே பார்க்கப் போய் இறங்கினேன். வாசலில் இருபதடி பேனர். மேல் வரிசையில் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள். நடுவில் என் மாப்பிள்ளை வீரமணியின் கூட்டாளிகள், ஆளுக்கொரு கூலிங் கிளாஸோடு. என் படத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். கீழே மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது. அதையும் வாழைமரம் மறைத்திருந்தது.

நான் பந்தலில் கால் வைக்கவில்லை. தட்டுகளைத் திரும்ப டிராக்டரில் ஏற்றச் சொன்னேன். வீரமணி வந்து கையைப் பிடித்தான், ஃப்ளெக்ஸ் கடைக்காரன் செய்த தப்பு என்றான். உதறிவிட்டேன். தங்கை வெளியே ஓடி வந்தாள். “அண்ணா, பொண்ணு மணையில ஒக்காந்துக்கினு இருக்குது. ஊரு பாக்குது” என்றாள். “இனிமே உன் வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்றேன். “சரி. நானும் உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மாமன் போடும் மாலை இல்லாமலேயே அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தட்டுகள் ஒவ்வொன்றாக வண்டியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தது. அப்போது அது என் கண்ணில் படவில்லை. இப்போது கண்ணை மூடினாலும் அதுதான் தெரிகிறது. அதற்குப் பிறகு தங்கை உயிரோடு இருந்தவரை மிதிக்காத வாசற்படியை, அவளைத் தூக்கிக்கொண்டு போகத்தான் மிதித்தேன்.

பதினாறாம் நாள் கருமாதி. தென்பெண்ணைக் கரையில் காரியம் முடிந்து, மொட்டைத் தலையோடு ஈர வேட்டியில் நின்ற வீரமணிக்குப் புது வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்தேன். அவன் அதை வாங்கும்போது என் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதான். இலக்கியா மட்டும் என் பக்கமே திரும்பவில்லை. இந்தப் பதினாறு நாளில் அவளிடம் பேசலாம் என்று நான் எத்தனையோ தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் எழுந்து போய்விடுவாள். கோபமாக எழுவதும் இல்லை. ஏதோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவள்போல எழுவாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கருமாதி முடிந்த அன்றைக்குச் சாயங்காலம், செத்தவளின் பிறந்த வீட்டுக்காரன் துக்க வீட்டாரைச் சினிமாவுக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டும். துக்கம் கலைப்பது என்று பெயர். படம் நல்ல படமா, மட்டமான படமா என்பதெல்லாம் யாருக்கும் முக்கியம் இல்லை. பதினாறு நாள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் நாலு பேர் நடுவில் போய் உட்கார்ந்து, எதையாவது வாங்கித் தின்று, வீடு திரும்பி, மறுநாள் அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும். தங்கைக்கு அண்ணன் செய்யும் கடைசி முறை அது. மஞ்சள் நீராட்டில் விட்டதை இதிலாவது விடக் கூடாது என்று முதல் நாளே வேன் பேசி வைத்திருந்தேன்.

வேன் ஓட்டும் சுபாஷ்தான் முதல் முட்டுக்கட்டை போட்டான். “ரெண்டு தியேட்டர்லயும் வெட்டு குத்துப் படம் தாங்க ஓடுது. மொத சீன்லயே தல உருளுது” என்றான்.

வீரமணியின் அக்கா பாப்பாத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “நம்ம வூட்ல எடுத்த பொணம் போதும். அங்க போயி வேற பாக்கணுமா” என்றாள்.

“அப்ப ஒண்ணு செய்லாங்க. கள்ளக்குறிச்சில புதுசா பர்கர் கடை ஒண்ணு தொறந்து இருக்காங்க. ஒரு மாசம் தான் ஆவுது. ஏசி, பாட்டு எல்லாம் இருக்குது. குடும்பம் குடும்பமா போறாங்க” என்றான் சுபாஷ்.

“அங்க வேணாம்.”

இலக்கியாதான் சொன்னாள். கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். பதினாறு நாளில் என் காதில் விழுந்த அவளுடைய முதல் பேச்சு அதுதான். “ஏம்மா, பர்கர் புடிக்காதா?” என்று கேட்டேன். “புள்ளைங்க அப்டித்தான் சொல்லும். போனா தின்னும்” என்று பாப்பாத்தி அவள் தோளைப் பிடித்து வேனில் ஏற்றினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஏழு பேர் போனோம். சங்கராபுரம் தாண்டியதும் கல்வராயன் மலைமேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. நானும் வீரமணியும் பின் சீட்டில். இரண்டு வருஷமாகப் பேசாத இரண்டு ஆண்கள் ஒரே சீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது சாமானிய வேலை இல்லை. அவன் துண்டால் மொட்டைத் தலையைத் துடைப்பதும் மடியில் போடுவதுமாக இருந்தான். கடைசியில் நான்தான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

“மாப்ள, கடைசி நாள்ல அவ என்னப் பத்தி எதனா சொன்னாளா?”

“உங்க பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடுவா மச்சான். நானும் எடுக்கறது இல்ல” என்றான். கொஞ்ச தூரம் போனபிறகு, “தல வலிக்குதுன்னா மாத்திர வாங்கியாந்து குடுப்பேன். எனக்கு இன்னா தெரியும் மச்சான்” என்றான். அவனுக்கு அவன் கேள்வி. எனக்கு என் கேள்வி.

சேலம் ரோட்டில் வேனை நிறுத்தி சுபாஷ் கதவைத் திறந்தான். இறங்கியவுடன் எனக்குத் திக்கென்றது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் அந்த மோட்டார் காயில் கடை. அன்றைக்கு நான் நின்ற அதே இடம், அதே வேப்பமரம். அன்றைக்கு இந்தப் பக்கம் கலர் பலூன்கள் கட்டியிருந்ததும், ஏதோ புதுக் கடை என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. தப்புச் செய்தவனை அதே இடத்துக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

உள்ளே குளிர். சிவப்புத் தொப்பி போட்ட பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்தாள். சட்டையில் ‘ஷாலினி’ என்று பெயர் குத்தியிருந்தது. “ஏழு பேருங்களா சார்? பர்த்டேங்களா? டேபிள சேத்துப் போடட்டுங்களா?” என்று கேட்டாள்.

“கருமாதிம்மா” என்றாள் பாப்பாத்தி.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. வீரமணியின் மொட்டைத் தலையைப் பார்த்தாள், எங்கள் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்தாள். நல்ல பெண். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை அதெல்லாம்.

நடுவில் ஒரு பெரிய மேஜை. மற்றவர்கள் அதில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு இடம் இல்லை. கண்ணாடியை ஒட்டி இரண்டு நாற்காலி போட்ட சின்ன மேஜை காலியாக இருந்தது. அதில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். இலக்கியா அந்த மேஜையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரிய மேஜையில் அத்தை நகர்ந்து இடம் விட்டும் அங்கே போகாமல், வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். ஏதாவது பேசினால் எழுந்து போய்விடுவாளோ என்று பயந்து, மேஜைமேல் இருந்த விலைப்பட்டியலை ஒரு பரீட்சைப் பேப்பரைப்போலப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஏழு சிக்கன் பர்கர் வந்தது. பெரிய மேஜையில் பாப்பாத்தி தன்னுடையதைப் பிரித்து, பன்னைத் தனியாக, கறியைத் தனியாக, இலையைத் தனியாக எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டாள். “இதுக்குக் கொழம்பு தர மாட்டாங்களா?” என்று கேட்டாள். பங்காளி ஒருத்தன் தக்காளி சாஸைக் காட்டினான். அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “இனிப்பா இருக்குது, கருமம்” என்றாள். வீரமணி தலையைக் குனிந்துகொண்டு, ருசி தெரியாமல், வேலை செய்வதுபோலத் தின்றான். “அவளுக்கு இந்த மாதிரி கடைக்கெல்லாம் வரணும்னு ரொம்ப ஆச” என்று பொதுவாகச் சொன்னான். இலக்கியா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

நான் என் பர்கரின் மேல் மூடியைத் தூக்கினேன். உள்ளே வெள்ளையாக, கொழகொழவென்று ஒன்று தடவியிருந்தது. எனக்கு வயிற்றைப் புரட்டியது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தயிர், மோர், தேங்காய்ப் பால், வெள்ளையாக எதைக் கண்டாலும் குமட்டும். எங்கள் அப்பாவுக்கோ தட்டில் மீதி வைத்தால் ஆகாது, பெல்ட்டை உருவுவார். சின்னப்பொண்ணு அவர் பார்க்காத நேரமாகப் பார்த்து என் தட்டிலிருக்கும் தயிர்ச்சோற்றை அள்ளித் தன் தட்டில் போட்டுக்கொள்வாள். ஆறு வயது அவளுக்கு. வயிறு புடைக்கத் தின்றுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்த நினைப்போடு டிஷ்யூ பேப்பரை எடுத்து, அந்த வெள்ளையை வழித்து வழித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தேன்.

இலக்கியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா கரெக்டாத்தான் சொன்னாங்க” என்றாள்.

“இன்னாம்மா சொன்னா?”

“உங்களுக்கு வெள்ளையா எது இருந்தாலும் ஆவாதுன்னு. அந்தக்கா கிட்ட சொன்னாங்க.” கல்லாவில் நின்ற ஷாலினியைக் கண்ணால் காட்டினாள். “எங்க அண்ணனுக்கு ஒண்ணு, வெள்ள இல்லாம போடுங்கன்னாங்க.”

டிஷ்யூ பேப்பர் என் கையிலேயே இருந்தது. “எப்ப?” என்றேன்.

“என் பொறந்த நாளு அன்னிக்கி. ஞாயித்துக்கெழம. நீங்க அதோ, அங்க நின்னுக்கினு இருந்தீங்க.”

அவள் கை காட்டிய பக்கம் நான் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் திரும்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரம். மரத்தடியில் இப்போது யாரோ ஒருத்தர் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். தீக்குச்சி எரிவதுகூட இங்கிருந்து தெரிந்தது.

இலக்கியா நிறுத்தவில்லை. எத்தனையோ நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்ததுபோலத் தடங்கல் இல்லாமல் சொன்னாள். “பஸ்ஸுல எறங்கி வரும்போதே உங்க வண்டிய அம்மா பாத்துட்டாங்க. ‘அவன் வூட்டுக்கு நான் போ மாட்டேன், நம்ம வூட்டுக்கு அவன் வர மாட்டான். இது யாரு வூடும் இல்ல. இங்க கூப்ட்டா வருவான்’னு சொன்னாங்க. மொதல்ல உங்களுக்கு வாங்கி வெச்சாங்க. அப்பறம் தான் ஃபோன் போட்டாங்க.”

“நான் எடுக்கல.”

“பாக்கெட்லேர்ந்து எடுத்தீங்க. பாத்தீங்க. திருப்பி உள்ள போட்டுக்கினீங்க. நாங்க பாத்துக்கினு தான் இருந்தோம்.”

பதினாறு நாளாக நான் ஒளித்து வைத்திருந்த ரகசியம் இது. செத்தவளும் அவள் மகளும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறார்கள். “அம்மா இன்னா சொன்னா?” என்றேன்.

“வெயில்ல பேரு தெரிஞ்சிருக்காதுன்னாங்க.”

அவள் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். “நான் ஓடிப் போயி கூட்டியாறேன்னு சொன்னேன். ‘வேணாம், ஊரு முன்னாடி உட்டுட்டுப் போனவன். அவனா ஃபோன் போடட்டும்’னாங்க. கொஞ்ச நேரத்துல நீங்க மோட்டார வண்டில கட்டிக்கினு போயிட்டீங்க. அம்மா அப்பவும் எழுந்துக்கல. ‘ஃபோனப் பாத்தா திரும்பி வருவான்’னு ஒக்காந்துக்கினே இருந்தாங்க. ரெண்டு மணி நேரம் இருக்கும். ஒவ்வொரு வாட்டி கதவு தொறக்கும்போதும் எழுந்து எழுந்து பாத்தாங்க. இப்ப நீங்க ஒக்காந்துக்கினு இருக்கறது அம்மா ஒக்காந்த எடம் தான்.”

நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. அதைக் கேட்காமல் நான் வீட்டுக்குப் போக முடியாது. “எம்மாடி, எதுக்குக் கூப்ட்டா? ஒடம்பு முடியலன்னு எதனா சொல்லக் கூப்ட்டாளா? ஆஸ்பத்திரிக்கு எதனா?”

“அதெல்லாம் இல்ல” என்றாள் இலக்கியா. “சாப்புட வான்னு சொல்லத்தான்.”

அவ்வளவுதான். ஆஸ்பத்திரி இல்லை, உதவி இல்லை, நியாயம் கேட்கவும் இல்லை. இத்தனை நாள் நான் பயந்த எதுவுமே இல்லை என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருந்தால்கூட, அண்ணனிடம் அவளுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஒரு காரியமும் இல்லாமல், சாப்பிட வா என்று கூப்பிட்டிருக்கிறாள். அதைத்தான் நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன்.

“எனக்கு வாங்குனத இன்னா பண்ணா?”

“வூட்டுக்கு எடுத்துக்கினு போயி ஃப்ரிட்ஜில வெச்சாங்க. அப்பா கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. மூணு நாள் இருந்துது. அப்பறம் மாட்டுக் கொட்டாயில நின்னுக்கினு அவங்களே சாப்ட்டாங்க. எனக்கு ஒரு வாய் குடுத்தாங்க.” முதல் தடவையாக அவள் உதடு கோணியது. “‘வெள்ள இல்லாம நல்லாவே இல்லடி. எப்டித்தான் இவன் சாப்புடுவானோ’ன்னாங்க.”

நான் எழுந்து கல்லாவுக்குப் போனேன். “ஒண்ணு குடும்மா. வெள்ள இல்லாம” என்றேன்.

ஷாலினி பொத்தானை அழுத்தப் போனவள் நிமிர்ந்து பார்த்தாள். “போன மாசம் ஒரு அம்மா இப்டியே தாங்க கேட்டாங்க. எங்க அண்ணனுக்குன்னு. ரொம்ப நேரம் ஒக்காந்து இருந்தாங்க பாவம்.” என் முகத்தைக் கவனித்தாள். “நீங்க தான் அந்த அண்ணனாங்க? அவங்க வரலைங்களா?”

நான் சட்டைப் பையில் காசைத் தேடினேன். அவள் என் தோளுக்கு மேலாகக் கண்ணாடி ஓரத்து மேஜையையும், அங்கே தனியாக உட்கார்ந்திருந்த இலக்கியாவையும் பார்த்தாள். “நீங்க போயி ஒக்காருங்க, நான் கொண்டாந்து தரேன்” என்றாள்.

நான் திரும்பி வந்தபோது மற்றவர்கள் எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள். “இன்னா தம்பி, மறுபடியும் வாங்கிட்டியா? அம்மாம் பசியா?” என்றாள் பாப்பாத்தி. வீரமணி மகளைக் கூப்பிட்டான். “நீங்க போங்க, நான் வரேன்” என்றாள் அவள். அவர்கள் வெளியே போய் வேனில் ஏறினார்கள். கடையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஷாலினி கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்காமல் போனாள். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை ஒரு பொட்டுகூட இல்லை. கறி, வெங்காயம், இலை, அவ்வளவுதான். கடித்தேன். வறவறவென்று இருந்தது. நாற்பத்தெட்டு வயதில், ஏசி கடையில், வாய் நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டு அழுதேன். இலக்கியா என்னை ஆறுதல்படுத்தவில்லை. எழுந்து போகவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு நான் முழுங்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லாவிட்டால் பிறகு எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

“எம்மாடி. வெயில்ல தெரியாம இல்ல. பேரப் பாத்தேன். பாத்துட்டுத்தான் உள்ள போட்டேன்.”

“தெரியும் மாமா” என்றாள்.

வெளியே வேன் ஒரு தடவை ஹாரன் அடித்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பாமல், “அம்மாவுக்கும் தெரியும்” என்றாள்.

அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. நான் எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன், யாரைப் பார்க்க எழுந்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கையில் பாதி பர்கரோடு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுபாஷ் தலையை மட்டும் உள்ளே நீட்டி, “நேரமாவுதுங்க” என்றான்.

“ஒக்காருங்க மாமா” என்றாள் இலக்கியா. “இன்னும் பாதி இருக்குது.”